பத்துப் பப்பாசிக்கு ஒரு ஆண்

...அப்ப நீங்களே சொல்லுங்கோ தம்பி, இருபத்தாறு வருசமா இந்த நாட்டைக் கூட்டித் துடைக்கிறன். இந்தச் சிவானந்தன் வந்துபோன இடத்திலை ஒரு தும்புத்தடி காணாமல் போனதெண்டு ஆரும் சொன்னதுண்டோ? இண்டைக்குப் பத்து மணிக்கு மோத்தெக்கு வரட்டாம்! மோத்தெ எண்டால் கூட்டம். விசாரணைக்கும் இவங்கள் அந்தப் பேர்தான் வைச்சிருக்கிறாங்கள். கோப்பியும் கறுவாப் பணிஸும் வைப்பாங்கள். பணிஸ் வைச்சால் ஆற்றையோ வேலை போகப்போகுதெண்டு விளங்கிக்கொள்ளுங்கோ.

கொஞ்சம் அங்காலை அரக்குங்கோ... ஆ, காணும், போதும். நீங்கள் தமிழ்நாடெல்லோ? மோர்டென்ஸ்ருட்டிலை ரெயின் ஏறேக்கை "உட்காருங்க" எண்டனீங்கள், உடனை பிடிச்சிட்டன். நாங்களெண்டால் "இருங்கோ" எண்டுதான் சொல்லுவம். எங்கை மட்டும் போறியள்? மயூஷ்டுவனோ? அப்ப நேரம் கிடக்கு. அந்தக் காதுக்குள்ளை இருக்கிறதைக் கழட்டுங்கோ, நான் மெல்லமாத்தான் கதைப்பன்.

வேலை எங்கையெண்டால், ஓஸ்லோவுக்கு வெளியிலை ஒரு ஆராய்ச்சி நிலையம். என்ன ஆராய்ச்சியோ? கஞ்சா. ஐயோ, ஏன் தம்பி சுத்திச் சுத்திப் பாக்கிறியள்! இது முறைப்படி அனுமதி எடுத்த கஞ்சா. நாருக்கும் எண்ணெய்க்கும். பத்தினாலும் வெறிக்காது, உங்கடை பேச்சிலை போதை ஏறாது. எங்கடை ஊர்ப் பத்மநாதன்ரை மகள் மயூரா, இஞ்சை பிறந்த பிள்ளை, அங்கை கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்குது. செடியின்ரை மரபணுவுக்குள்ளை வெறியை உண்டாக்கிற துண்டு எதெண்டு பாத்து, அந்த இடத்தை மட்டும் வெட்டி விட்டிட்டுது. வெளியிலையிருந்து ஒண்டும் சேர்க்கேல்லையாம். எண்சாத்திரி எங்கடை பேரிலை ஒரு எழுத்தைக் குறைச்சு விடுவானே, அதுமாதிரி. இரண்டரை வருசம் தம்பி! சாப்பாடில்லை, நித்திரையில்லை. என்னை அங்கை சேர்த்துவிட்டதும் அந்தப் பிள்ளைதான். "அங்கிள், ரெஸ்ரோரண்டிலை கோப்பை கழுவினது காணும், உங்களுக்கு முழங்கால் நோகுதெல்லோ, இஞ்சை வாங்கோ" எண்டது. சொந்தப் பிள்ளை சொல்லுமோ?

இப்ப அந்தப் பிள்ளைதான் அழுதுகொண்டு நிக்குது. ஏனெண்டால்... பொறுங்கோ, முதல்லையிருந்து சொன்னாத்தான் விளங்கும்.

இந்தச் செடியிலை ஆண் வேறை, பெண் வேறை. பனை மாதிரி, பப்பாசி மாதிரி. பப்பாசி எண்டால் உங்கடை பப்பாளி. பெண் செடிக்கு ஒரு அறை, ஆணுக்கு ஒரு அறை, நடுவிலை இரண்டு கதவு. என்ரை மகள் ஹம்சிகாவைக் கூட நான் அவ்வளவு காவல் போட்டு வளர்க்கேல்லை. அவளுக்கும் போன வருசம் ஒரு சம்பந்தம் வந்தது, கேளுங்கோ. பெடியன் பேர்கனிலை எஞ்சினியர். ஆள் வாட்டசாட்டம். சும்மா விடுவனோ? ரொறன்ரோவிலை கேட்டன், லண்டனிலை கேட்டன், பாரிசிலை அவன்ரை பழைய அறைத்தோழனையும் தேடிப் பிடிச்சன். வெள்ளிக்கிழமை வந்தால் பெடியன் குடிச்சு வெறியாம்! வேண்டாமெண்டிட்டன். பரம்பரைக்கெல்லோ போய்ச்சேரும்? "உங்களிட்டைத் தப்பி ஒருத்தனும் எனக்கு மருமகனா வரமாட்டான்" எண்டு மனுசி செல்வமலர் இண்டைக்கும் புறுபுறுக்கிறா. புறுபுறுக்கட்டும். விசாரிக்காமல் கட்டிக்குடுத்திட்டுப் பிறகு குந்தியிருந்து அழுதென்ன?

ம்... எங்கை விட்டனான்? ஓம், இரண்டு கதவு.

போன கிழமை பெண்ணறைக்குள்ளை போய்ப் பாத்தால், நாப்பது செடியும் விதை பிடிச்சுக் கிடக்கு. நடுவிலை ராசா மாதிரி ஒரு ஆண் செடி! மயூரா தான் தெரிஞ்சு வைச்ச ஆணின்ரை மகரந்தத்தைத் தூரிகையாலை தடவ இருந்த நேரம். எல்லாத்தையும் எரிக்கோணுமாம். பொறுப்பாளன் வெள்ளைக்காரன் சிவந்துபோய் நிக்கிறான். அந்த விசர்ப் பிள்ளை என்ன செய்தது? "நித்திரைக் குழப்பத்திலை நான்தான் சாடியை மாறி வைச்சிருப்பன்" எண்டு தானே தலையைக் குடுத்திட்டுது. இண்டைக்கு அவளின்ரை ஆராய்ச்சியை நிப்பாட்டிப் போடுவாங்கள். பட்டமும் போச்சு, எல்லாம் போச்சு.

எனக்கு வாற கோபத்துக்கு! அந்தப் பொறுப்பாளனுக்கு மண்டையிலை ஏதும் இருக்கோ? அது காத்தடிச்சால் விழுகிற பிள்ளை. அந்தச் சாடியைத் தூக்குமோ? என்ன பாரம் தெரியுமே! இரண்டு கதவுக்காலை கொண்டுபோய்ச் சேர்க்கிறதுக்கிடையிலை என்ரை இடுப்பு, நாரி...

...

என்ன தம்பி அப்பிடிப் பாக்கிறியள்? நான் பொதுவாச் சொன்னனான். கூட்டித் துடைக்கிறவனுக்கு நாரி நோகாதோ?

ஹெல்ஸ்ஃபீர் ஸ்ரேசன் வந்திட்டுது... உங்கடை முகத்தைப் பாத்தால் தப்பிறதுக்கு வழியில்லைப் போலை.

சரி. ஓம். நான்தான்.

சிவப்பு நாடா கட்டின ஆண் செடியைக் குப்பையிலை போடச் சொல்லித்தான் சொன்னவை. எடுக்கப் போனால், அது குலைகுலையாப் பூத்து நிக்குது. பாவமெல்லோ? பூத்து நிக்கிறதை வெட்டி எறியக் கை வருமோ? அங்காலை நாப்பது பெண் செடி, ஒண்டிலையும் ஒரு காயில்லை. எனக்குத் தெரியாதே தம்பி! அளவெட்டியிலை எங்கடை தோட்டத்திலை பத்துப் பப்பாசிக்கு ஒரு ஆண் பப்பாசி விட்டுத்தான் மற்ற ஆணெல்லாம் தறிக்கிறனாங்கள். ஆணில்லாட்டில் பூ கொட்டும். இவங்கள் படிச்சவங்கள், தோட்டம் செய்தவங்களில்லை, மறந்திட்டாங்கள் எண்டு நினைச்சன். நாப்பதுக்கு நாலு வேணும், கிடைச்சது ஒண்டு, அதாவது நிக்கட்டும். ஒருத்தருக்கும் சொல்லாமல் செய்தால் காய்ச்ச பிறகு மயூரா சந்தோசப்படுவாள் எண்டுதான்...

காய்ச்சது தம்பி! சொன்னால் நம்பமாட்டியள், ஒரு பூ தப்பேல்லை. அவையள் எல்லாரும் தலையிலை கைவைச்சுக்கொண்டு நிக்கினம், நான் வாளியோடை மூலையிலை நிண்டு உள்ளுக்குள்ளை சிரிச்சன். பெருமை! பிறகுதான் அந்தப் பிள்ளை அழுதழுது விளங்கப்படுத்தினது. அந்த ஆண் மரபணு வெட்டாததாம். ஒப்பிட்டுப் பாக்க வளர்த்த பழைய வெறிச் சாதியாம். இப்ப விதையளுக்குள்ளை வெறி திரும்பிவந்திட்டுதாம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காப் போச்சு. அதுக்குப் பிறகு வாய் திறக்கப் பயந்திட்டன் தம்பி. ஐஞ்சு நாளா ஒரு வாய் சோறு இறங்கேல்லை.

நீங்கள் ஒரு உதவி செய்வியளோ? என்ரை நொஸ்க் பாசை தும்புத்தடிக்கும் வாளிக்கும்தான் காணும். மோத்தெக்கு என்னோடை வந்து... என்ன, எழும்பிட்டியள்? இது தெய்யனெல்லோ, மயூஷ்டுவன் இன்னும் எவ்வளவு தூரம்! தம்பி! தம்பீ...

இறங்கிப் போட்டான்.

சரி, போகட்டும். போன் எங்கை... ஹலோ? மயூரா பிள்ளை? அங்கிள் கதைக்கிறன். ரெயினுக்குள்ளை நிக்கிறன். நீ அங்கை ஒண்டும் ஒத்துக்கொள்ளாதை, நான் வந்து என்ரை வாயாலை சொல்லுறன். இல்லைப் பிள்ளை, உன்ரை பிழையில்லை. அந்தச் சம்பந்தம் நான் செய்து வைச்சது. ஓம், சிவப்பு நாடா. ஓம், நான்தான் தூக்கிக்கொண்டு போனனான். அழாதை மோனை... என்னத்தைச் சொல்ல, ஹம்சிகாவுக்கெண்டு மூண்டு நாட்டிலை விசாரிச்ச மனுசன், உன்ரை நாப்பது குமருக்கும் மாப்பிள்ளை குடிப்பானோ எண்டு ஒரு வார்த்தை கேக்காமல் விட்டிட்டன்.