மாமா பூட்டிக்கொடுத்த துப்பாக்கி

இந்த நோர்வே எல்க் மான் இறைச்சியை ஆட்டிறைச்சி மாதிரிச் சமைக்கக்கூடாது. கொழுப்பில்லாத இறைச்சி, சட்டியில் போட்ட கையோடு செருப்புத் தோலாகிவிடும். முதல் வருடம் என் மனைவி உதயகுமாரி அதை ஆட்டுக்கறி போலப் பிரட்டி, வீட்டில் ஒருவரும் வாயில் வைக்காமல் போக, ஒரு கிழமை என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பிறகு வினாகிரியில் ஊறவைத்து, நிறைய மிளகு போட்டு, மெல்லிய நெருப்பில் மத்தியானம் முழுக்க விட்டுப் பழகினாள். இப்போது லோறென்ஸ்கூக்கில் எங்கள் வீட்டு எல்க் கறிக்கு ஒரு பெயர் இருக்கிறது. நான் ஏதோ வெறியில் காட்டுக்குப் போகிறவன் அல்ல என்று நீங்கள் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

என்னை வேட்டைக்குக் கூட்டிப் போனவன் ஒட்வார். தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து மெஷின் அவனுடையது. இரண்டு பேருக்கும் இரும்பு கடைகிற வேலை. அவ்வளவு வெள்ளைக்காரர் இருக்க, ஒரு தமிழனைத் தன் குழுவில் சேர்க்க வேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை. ஆனால் சேர்த்தான். நானும் வேட்டைப் பரீட்சை எழுதி, துப்பாக்கி வாங்கி, ஒவ்வொரு ஒக்டோபரும் அவர்களோடு போய் நின்றேன். குழுவில் யாருடைய துப்பாக்கிக்கு என்ன பூட்ட வேண்டுமென்றாலும், என்ன கழற்ற வேண்டுமென்றாலும் என் கராஜுக்குத்தான் கொண்டு வருவார்கள்.

மூன்று வருடங்களுக்கு முன்பு என் மகள் யதுர்ஷா சயூரனை வீட்டுக்குக் கூட்டி வந்தாள். அவள் மிருக வைத்தியம் படிக்கிறாள். அவன் பியோர்ண்டாலில் பிறந்து வளர்ந்தவன், எலக்ட்ரீசியன். இங்கே பிறந்த பிள்ளை என்று சொல்ல முடியாத அளவுக்கு அடக்கம். நான் உள்ளே வந்தால் எழும்பி நிற்பான். சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவி வைப்பான். அவனில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

எங்களுக்குள் ஒரு சம்பந்தம் என்று வந்தால் விசாரிப்பது வழக்கம். ரொறன்ரோவில் இருக்கிற என் ஒன்றுவிட்ட அண்ணன் ஜெயரத்தினத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் இரண்டு நாள் கழித்து, சயூரனின் தகப்பன் ஊரில் குடியிருந்த ஒழுங்கையின் பெயரைச் சொன்னார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. எந்த ஒழுங்கையில் எந்தச் சாதி என்பது எங்கள் ஆட்களுக்கு மனப்பாடம். “இனி உன்ரை விருப்பம்” என்று வைத்துவிட்டார்.

நான் சாதி பார்க்கிறவன் அல்ல. தமிழ்ச் சங்கத்து மேடையில் அதற்கு எதிராகக் கதைத்துக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். ஆனால் உதயகுமாரிக்குச் சகோதரங்கள் இருக்கிறார்கள். நாளைக்கு யதுர்ஷாவுக்குப் பிள்ளைகள் வரும். அவர்களை எல்லாம் யோசிக்க வேண்டியது தகப்பன்தானே. வேண்டாம் என்று நேரே சொன்னால் ஏன் என்று அவள் கேட்பாள். அந்த ‘ஏன்’ என்பதற்கு என் வாயால் பதில் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. வேறொரு காரணம் தேவைப்பட்டது. அதை அவனே தந்தால் நல்லது என்று நினைத்தேன்.

என்னோடு ஒட்ட வேண்டும் என்று அவனும் வேட்டைப் பரீட்சை எழுதினான். அவனுக்காக ஒட்வாரிடம் கேட்டு, குழுவில் சேர்த்துவிட்டவன் நான்தான். அவன் ஒரு பழைய அரைத் தானியங்கித் துப்பாக்கி வாங்கினான். ஒரு வெடி போனதும் அடுத்த ரவை தானாக ஏறிக்கொள்கிற வகை. ஓகஸ்டில் அதை வைத்துத்தான் சுடும் பரீட்சையில் சித்தியடைந்தான், குறையில்லாமல் சுட்டான். ஆனால் அதில், கண்ணாடிக்குள் சிவப்புப் புள்ளி தெரிகிற செம்புள்ளிக் குறிகாட்டி பூட்ட இடமில்லை. குழலைச் சுற்றி இடது கை பிடிக்கிற பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிட்டு, மேலும் கீழும் பல் வெட்டிய அலுமினிய முன்பிடி ஒன்றைப் போட்டால் குறிகாட்டியும் பூட்டலாம், தாங்குகாலும் பூட்டலாம். “அங்கிள், உங்களாலை ஏலுமோ?” என்று பெட்டியோடு வந்து நின்றான்.

எனக்கு அது விளையாட்டு வேலை. பழையதைக் கழற்றினேன், புதியதைப் பூட்டினேன், குறிகாட்டியை ஏற்றினேன். சுட்டுப் பழகுகிற றேஞ்சுக்குக் கொண்டுபோய்ச் சுட்டுச் சரிபார்த்தேன். குண்டுகள் எல்லாம் ஒரு கோப்பித் தட்டுக்குள் விழுந்தன. திரும்பி வந்து, முன்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்த திருகாணிகளில் இரண்டைத் தளர்த்தினேன். கையால் ஆட்டினால் தெரியாது. சுடும்போது குறிகாட்டி அசைந்து குறி தவறும்.

அவன் ஒரு எல்க்கைக் காயப்படுத்துவான் என்பதுதான் என் கணக்கு. வயிற்றில் படும், அல்லது காலில் படும். காயப்பட்ட மிருகம் ஒன்று காட்டுக்குள் ஓடினால் குழு முழுவதும் வேட்டையை விட்டுவிட்டு அதைத் தேடி அலைய வேண்டும். அப்படிச் செய்தவனை மறு வருடம் கூப்பிடமாட்டார்கள். முக்கியமாக, யதுர்ஷா அதைத் தாங்கமாட்டாள். சின்ன வயதில் காலொடிந்த புறாவுக்காக மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தவள் அவள். காட்டில் மனிதர்களும் நிற்பார்கள் என்பதை நான் நினைக்கவில்லை என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. நினைத்தேன். நினைத்துவிட்டு, அப்படி நடக்காது என்று விட்டுவிட்டேன்.

துப்பாக்கியில் கை வைத்தால் வேட்டைக்கு முன் உடையவன் ஒருமுறையாவது சுட்டுப் பார்ப்பான், இது நோர்வேயில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், இவன் ஏன் பார்க்கவில்லை என்று விசாரணையின்போது உங்கள் பொலிஸ் ஆட்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அதற்கு விடை என்னிடம் இருந்தது. துப்பாக்கியைக் கொடுத்த அன்று அவனிடம் சொன்னேன், “தம்பி, நான் சுட்டுப் பார்த்திட்டன். நீர் ஒண்டும் தொடத் தேவையில்லை. இனி என்னை அங்கிள் எண்டு கூப்பிடாதேயும், மாமா எண்டே கூப்பிடும்.”

அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். “சரி மாமா” என்று சொல்லிப் பார்த்தான். பிறகு துப்பாக்கியை இரண்டு கையாலும் வாங்கினான். மாமனாராக வரப்போகிறவர் பூட்டி, சுட்டு, சரி என்று கொடுத்ததை மருமகன் கொண்டுபோய்ச் சோதித்துப் பார்த்தால், அது முகத்துக்கு நேரே நம்பவில்லை என்று சொன்ன மாதிரி. நல்ல வளர்ப்பு வளர்ந்த பிள்ளை அதைச் செய்யாது. ஒட்வாரின் மகனாக இருந்தால் அன்று பின்னேரமே றேஞ்சில் நின்றிருப்பான். சயூரன் செய்யமாட்டான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

வேட்டையின் முதல் நாள் காலையில் பனிமூட்டம் விலகி நல்ல வெளிச்சமாக இருந்தது. ஒட்வார் நாயோடு பள்ளத்துக்குள் இறங்கி எல்க்கைக் கிளப்பினான். நாங்கள் மேட்டில் ஆளுக்கொரு இடத்தில் நின்றோம். சயூரன் கூப்பிட்டால் எனக்குக் கேட்கிற தூரத்தில் நின்றான். ஒரு வெடி கேட்டது. உடனே இன்னொன்று. அதற்குப் பிறகு நாய் குரைத்த விதம் சரியில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது சயூரன் தன் ஜாக்கெட்டைக் கழற்றி ஒட்வாரின் நெஞ்சில் அழுத்திக்கொண்டிருந்தான். எல்க் போன பக்கம் வேறு, ஒட்வார் நின்ற பக்கம் வேறு. நேராகச் சுட்டிருந்தால் அவனுக்கு ஒரு கீறல் கூட விழுந்திருக்காது. ஒட்வார் என்னைப் பார்த்து, எல்க் விழுந்ததா என்று கேட்டான். விழுந்தது என்று பொய் சொன்னேன். ஹெலிகொப்டர் வரும்வரை அவன் தாக்குப்பிடிக்கவில்லை. அடக்கத்தில் பெட்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கச் சொல்லி அவன் மனைவி சிக்ரித் என்னைத்தான் கேட்டாள். தூக்கினேன். அந்தப் பாரம் இன்னும் என் தோளை விட்டுப் போகவில்லை. நான் அவனைக் கொன்றேன். இந்த வசனத்தை வீட்டில் பலமுறை எனக்குள்ளே சொல்லிப் பார்த்திருக்கிறேன், சத்தமாகச் சொல்வது இதுதான் முதல் தடவை.

உங்கள் நிபுணர்கள் திருகாணிகள் தளர்ந்திருந்ததைக் கண்டுபிடித்தார்கள். யார் பூட்டியது என்று சயூரனைக் கேட்டபோது, “நான்தான்” என்றான். ஏன் அப்படிச் சொன்னான் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். இதே கட்டிடம்தான், வேறு அறை. அவன் தானே எல்லாம் நோண்டுகிற பெடியன், எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னேன். கையெழுத்தும் போட்டேன்.

வழக்கு முடிந்து, கவனக்குறைவால் மரணம் என்று சிறைத்தண்டனை விழுந்தது. ஒரு உயிரை எடுத்தவனுக்கு எப்படி உன்னைத் தருவேன் என்று யதுர்ஷாவிடம் கேட்டேன். அவள் என்னோடு சண்டை பிடிக்கத் தயாராகத்தான் இருந்தாள். ஆனால் அதற்கு முன்பே சயூரன் அவளை விட்டு விலகிவிட்டான். தன்னோடு அவள் வாழ்க்கையும் நாசமாக வேண்டாம் என்றானாம். அவள் இப்போது ஹவுகெட்டோவில் ஒரு அறையில் தனியாக இருக்கிறாள். படிப்பை விட்டுவிட்டாள். தாயோடு மட்டும் கதைப்பாள். நான் தேடிய காரணம் எனக்குக் கிடைத்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு சாப்பிடவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, சிறைக்குப் போவதற்கு முன் சொல்லிவிட்டுப் போக என்று சயூரன் வீட்டுக்கு வந்தான். மெலிந்து, தாடி வளர்த்திருந்தான். உதயகுமாரி தேத்தண்ணி கொடுத்துவிட்டு அழுதுகொண்டே அடுப்படிக்குள் போய்விட்டாள். அவன் என் பக்கத்தில் வந்து இருந்து என் கையைப் பிடித்தான்.

“மாமா, நீங்கள் யோசியாதேங்கோ” என்றான். “ஆணி இறுக்க மறந்து போனியள். வயசு போனால் ஆருக்கும் வாறதுதானே. நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். யதுவுக்கும் சொல்லேல்லை. உங்களிலை எனக்கு ஒரு கோவமும் இல்லை.”

அவன் போன பிறகும் கன நேரம் அவன் பிடித்த கை சுட்டுக்கொண்டே இருந்தது. திங்கட்கிழமை வேலைக்குப் போகவில்லை. இன்றைக்கு நேரே இங்கே வந்தேன்.

மனச்சாட்சி உறுத்தி வந்ததாக நீங்கள் எழுதலாம், அதுவும் உண்மைதான். ஆனால் ஒரு விஷயத்தைத் தெளிவாக எழுதுங்கள். மறதி என்று எந்த இடத்திலும் வரக்கூடாது. வயது என்றும் வரக்கூடாது. நான் பூட்டிய எதுவும் தானாகக் கழன்றதாக எந்தத் தொழிற்சாலையிலும் ஒருவரும் சொன்னது கிடையாது. தெரிந்துதான் தளர்த்தினேன். அந்த ஒழுங்கைக்காரரின் மகன் பரிதாபப்பட்டு, என் கையைத் தடவி, மன்னித்துவிட்டுப் போகிறான்.

என்னை மன்னிக்க அவன் யார்?