காலியாக விட்ட இடம்

ஏர் ஃபில்டருக்குள் எலி கூடு கட்டியிருந்தால் அந்த வருஷம் பனி சீக்கிரம் உருகும். இது என் முப்பது வருஷத்து அனுபவம், மேடம். வானிலை அறிக்கையைவிட எலி தேவலை. இந்த ஏப்ரலில் ஐந்து வண்டிகளில் கூடு இருந்தது. பத்தாம் தேதிக்கெல்லாம் சுபீரியர் ஏரிக்கரைச் சாலையில் தார் தெரிய ஆரம்பித்துவிட்டது.

எங்கள் மோட்டார் சைக்கிள் கிளப்பின் வண்டிகள் நவம்பர் முதல் என் ஷெட்டில்தான் தூங்கும். ஏப்ரலில் ஒவ்வொன்றாகப் போர்வையை உருவி எழுப்புவேன். கெட்டுப்போன பெட்ரோலை வடித்து, கார்புரேட்டரைக் கழுவி, சாலை உப்பு தின்ற போல்ட்டுகளை மாற்றி, பேட்டரிக்கு உயிர் கொடுக்க வேண்டும். மே முதல் ஞாயிறு பாதிரியார் தேவாலய வாசலில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி ஆசீர்வதிப்பார். அதற்குள் எல்லாம் தயாராகிவிட வேண்டும். இதற்கு நடுவில் ஆளாளுக்கு ஓர் ஆசை வேறு: ஒருத்திக்கு சீட் தாழ வேண்டும், ஒருவனுக்கு சைலன்சர் ஊரை எழுப்ப வேண்டும். முகம் சுளிக்காமல் செய்து தருவேன். எனக்கு அந்த மனிதர்களைத் தவிர வேறு யாரும் இல்லை.

பிரச்சினை என்னவென்றால், மனிதர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். அறுபது பேர் இருந்த கிளப் இது. மார்ச் மாதக் கூட்டத்துக்கு ஏழு பேர் வந்தோம். தலைவர் கஸ் சோப்சாக்குக்கு எழுபத்து நான்கு வயது, முட்டி இரண்டும் போய்விட்டது.

"இந்த சீசனோட மூடிரலாம்ப்பா. கட்டடத்தை வித்துரலாம். ஏழு பேருக்கு எதுக்கு இவ்ளோ பெரிய அடுப்பு?" என்றார்.

என் பக்கத்தில் இருந்த வெண்டல் வழக்கம்போல் சிரித்தான். வெண்டல் மாக்கியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை; நீங்களே அவன் படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றியதைப் பார்த்தேன்.

"விடுங்க தலைவரே. நல்லதுக்கு வராட்டியும் கெட்டதுக்கு வந்துருவானுங்க. எவனாச்சும் மண்டையப் போட்டாத்தான் நம்ம கிளப்புக்குக் களை வரும்" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, ஏனென்றால் அது உண்மை.

பதினொரு வருஷத்துக்கு முன் எங்கள் கிளப்காரன் எல்ராய் மான் மீது மோதிச் செத்தான். அதில் என் கை எதுவும் இல்லை. மான்தான் குறுக்கே வந்தது. அவனுக்காக நினைவு ஊர்வலம் போனோம். முன்னால் போகிறவருக்கு வலப்பக்கம், செத்தவனுக்கென்று ஒரு வண்டிக்கான இடத்தைக் காலியாக விட்டுக்கொண்டு, பின்னால் இரண்டிரண்டாக அறுபத்தெட்டு வண்டிகள். ஊர் கூடித் தேர் இழுத்த மாதிரி இருந்தது. நான்கு வருஷம் முகம் பார்க்காத அண்ணன் தம்பிகள் கட்டிப்பிடித்து அழுதார்கள். ஏரிக்கரையில் கறி அடைத்த பாஸ்டி ரொட்டியைப் பிட்டு ஒரே தட்டில் தின்றார்கள். அதற்கப்புறம் இரண்டு கோடை, ஒரு ஞாயிறுகூட யாரும் தவறவில்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

சரி, வெண்டல் வண்டிக்கு வருகிறேன். இந்த வருஷம் அவனுக்குக் கொம்பு மாதிரி உயர்ந்த ஹேண்டில்பார் வேண்டுமாம்.

"டேய் ரெய்னோ, எனக்கு அக்குள்ல காத்து அடிக்கணும்டா."

"குளிக்காதவனுக்குக் காத்தடிச்சா பின்னாடி வர்றவன் சாவான்டா" என்றேன்.

மாட்டிக் கொடுத்தேன். ஹேண்டில்பாரை உயர்த்தினால் முன் பிரேக்குக்கு எண்ணெய் கொண்டுபோகிற ரப்பர் ஹோஸும் நீளமாக வேண்டும்; பழையது இழுத்துப் பிடித்தால்தான் எட்டும். நீளமான ஹோஸ் வரவழைத்தேன். வந்ததும் மேஜை இழுப்பறையில் வைத்தேன். பழைய ஹோஸையே இழுத்து, விரைப்பாக மாட்டிவிட்டேன். ஒன்பது வருஷத்து ரப்பர், அங்கங்கே வெடிப்பு. மெதுவாகப் பிரேக் பிடித்தால் தாங்கும். அழுத்திப் பிடித்தால் தாங்காது.

வெண்டல் குனிந்து பார்த்தான். "டைட்டா இருக்கே?" என்றான்.

"ஓட ஓடத் தளரும்" என்றேன்.

"நீ சொன்னா சரிடா மாப்ளே" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனான். போகும்போது, ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வரச் சொன்னான். நானும் போனேன். அவன் மனைவி மார்லீன் எனக்கென்று மீன் வறுத்திருந்தாள்.

ஜூன் எட்டாம் தேதி பாலத்து இறக்கத்தில் மரம் ஏற்றிய ஒரு லாரி குறுக்கே திரும்பியது. வெண்டல் அழுத்திப் பிடித்திருக்கிறான். மற்றதை நீங்கள் எழுதி வைத்திருக்கிறீர்கள். ஊர் முழுக்க அந்த ஹேண்டில்பாரைத்தான் திட்டியது. "வேணாம்னு ரெய்னோ தலைப்பாடா அடிச்சுக்கிட்டானாமே, இவன்தான் கேக்கல" என்று கஸ்கூடச் சொன்னார். நான் அப்படி யாரிடமும் சொல்லவில்லை. மறுக்கவும் இல்லை.

நான் அழுதது நடிப்பில்லை, மேடம். அவன்மேல் எனக்கு உயிர். அதனால்தானே அவன். யாருக்கும் பிடிக்காதவன் செத்தால் யார் வருவார்கள்? அந்தத் தப்பை நான் ஒருமுறை செய்திருக்கிறேன்.

நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன்: ஐந்து வருஷத்துக்கு முன் செத்த எங்கள் கிளப் கர்ட்டிஸ். பின் சக்கரத்து நட்டை நான் இறுக்கவில்லை. கர்ட்டிஸ் சிடுமூஞ்சி, பாதிப் பேரோடு சண்டை. இருபத்தாறு வண்டிகள்தான் வந்தன, அதுவும் மழையில். பாஸ்டி மீந்துபோய் நாய்க்குப் போட்டோம். ஒரு மனிதன் வீணாகப் போனதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

வெண்டலுக்கு நூற்று நாற்பத்து மூன்று. இரண்டு முறை எண்ணினேன். பக்கத்து மாநிலத்திலிருந்தெல்லாம் வந்தார்கள். மார்லீன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "நீதான் முன்னால போகணும் ரெய்னோ. அவன் பக்கத்துல வேற யாரும் போகக் கூடாது" என்றாள். போனேன். வலப்பக்கம் காலி இடம். திரும்பிப் பார்த்தால் மலை வளைவு வரைக்கும் விளக்குகள். சாயங்காலம் கஸ் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கட்டடத்தை விக்கல. அடுப்பப் பத்த வைங்கடா" என்றார். பத்தொன்பது பேர் புதிதாகச் சேர்ந்தார்கள்.

அந்த நீள ஹோஸைப் பிரிக்காத பையோடு இழுப்பறையில் வைத்திருந்தேன், நீங்கள் எடுத்துவிட்டீர்கள். நல்ல பொருளைத் தூக்கி எறிய எனக்கு மனசு வருவதில்லை. அதை மாட்டியிருந்தால் வெண்டல் இன்று இருப்பான். தெரிந்துதான் மாட்டவில்லை. இரண்டு பேரையும் நான்தான் கொன்றேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். விசாரணையை அக்டோபருக்குள், முடிந்தால் வாரக் கடைசியை ஒட்டி ஒரு வெள்ளிக்கிழமையில் வைக்கச் சொல்லுங்கள். பனி விழுந்துவிட்டால் யாரும் வண்டி எடுக்க மாட்டார்கள். கர்ட்டிஸ் வீட்டார், வெண்டல் வீட்டார், கிளப்காரர்கள் எல்லோரும் சேர்ந்தால் இருநூறு வண்டிக்குக் குறையாது. எல்லோரும் ஒன்றாக வருவார்கள், என்னைத் திட்டவாவது வருவார்கள். அவ்வளவு தூரம் வருகிற வண்டிகளை முன்னதாக ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. ஒரு வாரம் என்னை ஷெட்டுக்கு அனுப்பினால் எல்லாவற்றையும் நானே பார்த்துக் கொடுத்துவிடுவேன்.