நான் கையெழுத்திட்ட மூன்று பக்கங்கள்

பெயர்: பிலிப்பு ஜெனிஸ்ரா. வயது: 17. முகவரி: தோட்டவெளி, மன்னார். படிப்பு: எட்டாம் வகுப்பு.

நானும் தாயார் புஸ்பமும் 2012.06.14 அன்று தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தோம். இரண்டு மாதத்தின் பின் அடுத்த வளவு வீட்டில் இருந்த சிங்கராசா ஐயாவிடம் வேலைக்குச் சேர்ந்தேன். அவர் கரிமப் பொருட்களைக் கண்ணாடித் தகட்டில் மெல்லிய படலமாகப் பூசி, பற்றரி கொடுத்துப் பச்சையாக ஒளிரச் செய்பவர். அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பிக்க இருந்தார். நான் தகடு கழுவுவேன். அன்றன்று அவர் எழுதும் குறிப்பேட்டுப் பக்கத்தில் சாட்சியாகத் திகதியிட்டுக் கையெழுத்து வைப்பேன். "கண்ணால கண்டதுக்கு மட்டும் வை, பிள்ளை" என்பார்.

2013.09.02 காலை ஐயா நானாட்டானுக்குப் போயிருந்தபோது, முன்பு கொழும்பில் அவருடன் வேலை செய்த பஸ்ரியன் என்பவர் வந்தார். அதே பச்சை ஒளித் தகட்டைப் பற்றித் தன் கையால் எழுதிய மூன்று பக்கங்களைக் காட்டி, 2011.11.07 எனத் திகதியிட்டுக் கையெழுத்து வைக்கச் சொன்னார். "நீர் இந்த வளவுக்குள்ளயே வளந்த பிள்ளைதானே. ஐயாதான் வைப்பிக்கச் சொன்னவர்" என்றார். அந்தத் திகதியில் நான் முகாமில் இருந்தேன். வெளி ஆட்களுடன் கதைக்க எனக்குப் பயம். அதனால் அதைச் சொல்லாமல் மூன்றிலும் கையெழுத்து வைத்தேன்.

அதன் பின் மதியம் ஐயா வந்ததும் சொன்னேன். அவர் ஏசவில்லை. கதிரையில் இருந்து, "அந்தத் திகதியில நீ எங்கை இருந்தனீ?" என்று கேட்டார். "காம்பில, ஐயா" என்றேன். "தான் முதல் கண்டுபிடிச்சதெண்டு காட்டப் பாக்கிறான். நீ காம்பில இருந்தது அவனுக்குத் தெரியாது. காம்ப் அட்டையில திகதி இருக்கு, அதைக் கவனமா வை" என்றார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு நான் போனபோது கதவு திறந்திருந்தது. மேசையில் ஒரு தகடு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. தகடு பழுதாகும் என்று ஐயா ஒரு நிமிடத்துக்கு மேல் எரியவிட மாட்டார். பக்கத்தில் அவருடைய மூக்குக்கண்ணாடி இருந்தது. வாசலில் செருப்பு இருந்தது. குறிப்பேடுகள் ஒன்றும் இல்லை. ஐயாவை அதன் பின் நான் காணவில்லை.

05ஆம் திகதி பஸ்ரியன் எங்கள் வீட்டுக்கு வந்து தாயாரிடம், "எந்த வருசம் ஊருக்கு வந்தனீங்கள், அக்கா?" என்று கேட்டார். தாயார், "போன வருசம், ஆனியில" என்றார். தாயார் ஊற்றி வைத்த தேநீரைக் குடிக்காமல் பஸ்ரியன் எழும்பிப் போனார்.

மறுநாள் மாதத்தின் முதல் வெள்ளிப் பூசை முடிந்து வந்தபோது எங்கள் றங்குப் பெட்டி திறந்து கிடந்தது. தாயாரின் தோடு அப்படியே இருந்தது. கடதாசிகள் மட்டும் நிலத்தில் கிடந்தன. முகாம் அட்டை நான் பூசைக்குக் கொண்டுபோன செபப் புத்தகத்துக்குள் இருந்ததால் தப்பியது. அதை இத்துடன் ஒப்படைக்கிறேன்.

பொலிஸ் நிலையத்தில் இதை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார்கள். இதில் உள்ளவை நான் கண்டவையும் கேட்டவையும் மட்டுமே. எல்லாம் உண்மை. இன்றைய திகதியைச் சுவரில் உள்ள நாட்காட்டியில் பார்த்து நானே எழுதினேன்.

2013.09.07
பி. ஜெனிஸ்ரா