அதே எழுத்துதான்

இல்லைய்யா, அடுப்புலயும் பாத்துட்டாங்க உங்க ஆளுங்க. சாம்பலைக்கூட விடல, கையை விட்டுத் துழாவிட்டாங்க. பேரு போடாம வந்த அந்தத் துண்டுத்தாளுக்கு நீங்க தேடற கையெழுத்துப் பிரதி கிடைக்காது. வேணும்னா அந்த மை டப்பாவுக்குள்ளயும் கையை விடச் சொல்லுங்க. எவ்வளவு தேய்ச்சாலும் போகாது, சும்மா ஞாபகத்துக்கு இருக்கட்டும்.

அது எங்கண்ணிய்யா, அவங்களை விடுங்க. லாக்கப்புல இருக்கற புருஷனுக்குச் சோறு எடுத்துட்டுப் போறாங்க. அதான் கூடையில சட்டியைத் திறந்து பாத்தாச்சே? அடிக்கறதுதான் அடிக்கறீங்க, சாப்பிட்டுட்டாவது வாங்கட்டும். நீங்க போங்கண்ணி, நான் பாத்துக்கறேன்.

நீங்க உக்காருங்க. அந்த ஸ்டூல் ஆடும், இதுல உக்காருங்க. உங்க ஆளுங்க கொட்டின அச்செழுத்தை நான் பொறுக்கிக்கிட்டே பேசறேன். ஏன், கூடாதா? ஈயத்துண்டு எந்திரிச்சு ஓடிடுமா என்ன? எங்கப்பா வாங்கினதுய்யா. அதை மிதிச்சா எனக்குப் பத்திக்கிட்டு வருது.

ஆமா, இந்த ஊர்ல முதல் அச்சாபீஸ் அவரோடதுதான். மெஷினைக் கொண்டுவந்து இறக்கினப்ப, கையால நகல் எழுதிப் பொழச்சவங்கள்லாம் வாசல்ல வந்து கத்தினாங்களாம், எங்க பொழப்புல மண்ணள்ளிப் போட வந்தியான்னு. அவங்கள்லயே ரெண்டு பேரு அப்புறம் இங்க வேலைக்குச் சேந்தாங்க, அது வேற கதை. பேரு போடாத பாட்டுப் புஸ்தகம் ஒண்ணை அச்சடிச்சதுக்காக எங்கப்பா உள்ளயும் போனாரு. எழுதினது யாருன்னு குடைஞ்சு குடைஞ்சு கேட்டாங்க. மனுஷன் வாயைத் திறக்கலையே! எழுதினவனைக் காட்டிக்குடுத்தா அப்புறம் எவன் நம்மகிட்ட எழுதிக் கொண்டாருவான்னு சொல்வாரு. எங்கண்ணனுக்கும் அதே பிடிவாதம். நேத்துலேருந்து அடிக்கறீங்களே, சொன்னானா? சொல்ல மாட்டான்.

இந்தத் தாளை எழுதினது யாரோ படிச்ச ஆளுன்னு நீங்கதான் முடிவே பண்ணிட்டீங்க. வக்கீல் வீடு, வாத்தியார் வீடு எல்லாத்தையும் புரட்டிப் போட்டுட்டு இங்க வந்திருக்கீங்க.

படகு கவிழ்ந்ததுக்கு நீங்க போட்ட அறிக்கை ஞாபகம் இருக்கா? இதே ரூம்லதான் அச்சாச்சு. சர்க்கார் வேலை, மாட்டேன்னா சீல் வச்சுடுவீங்க. கோத்தது நான்தான். பயணிகள் குடிச்சுட்டு ஆட்டம் போட்டதாலதான் கவிழ்ந்ததுன்னு ஒவ்வொரு எழுத்தா இந்த விரலால எடுத்து வச்சேன். அந்தப் படகுல எந்தங்கச்சி இருந்தாய்யா. இங்க தாள் மடிச்சுத் தைக்கறது அவதான். தைச்ச புஸ்தகத்தை அக்கரையில குடுக்கப் போனவ, திரும்பி வரல. ஆத்தைப் பாத்தாலே நடுங்குவா. பக்கத்துல இருக்கறவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு, கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு உக்காந்திருப்பா. அவ ஆட்டம் போட்டாளாம்!

பலகை உளுத்துக் கிடந்தது. ஊருக்கே தெரியும். படகுக் குத்தகை உங்க மேலதிகாரியோட மச்சானுக்குன்னும் தெரியும். அந்தத் தாளு அதைத்தானே சொல்லுது? அதுல பொய் எங்கன்னு காட்டுங்க பாப்போம்.

பேச்சை மாத்தலைய்யா, பிரதிக்குத்தான் வரேன். எங்கப்பா அண்ணனைத்தான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாரு. பொண்ணுக்கு எதுக்குன்னு என்னை இந்த எழுத்துப் பெட்டி முன்னாடி நிக்க வச்சுட்டாரு. ஈயத்துல எழுத்து இடம் வலம் மாறி இருக்கே, அதைப் பாத்துத்தான் எனக்குப் படிக்கவே வந்தது. பேனா பிடிக்க இன்னைக்கும் வராது. காலையில வாக்குமூலத்துல கைநாட்டு வச்சேனே, நீங்ககூடச் சிரிச்சீங்க.

உங்க அறிக்கை அச்சாகி முடிஞ்சதும், கோத்ததைக் கலைச்சுத் திரும்பப் பெட்டியில போட உக்காந்தேன். அவ பேருகூட இல்ல அதுல. பயணிகள், அவ்வளவுதான். கலைச்ச கையோட வேற கோக்க ஆரம்பிச்சுட்டேன். அதே எழுத்துதான்யா. எதையும் பாத்துக் கோக்கல, மனசுல வந்தது நேரா விரலுக்கு வந்தது. பேனாவே தொடாத வேலைக்குப் பிரதி எங்கேருந்து வரும்?

என்ன முழிக்கறீங்க? நான்தான் எழுதினேன். அண்ணனை விட்டுடுங்க.

முன்னாடியே சொல்லியிருப்பேன். ரெண்டாவது தாளு வெளிய போற வரைக்கும் மூச்சு விடக்கூடாதுன்னு அவன்தான் சத்தியம் வாங்கிட்டுப் போனான். இப்ப அது கடைத்தெருவுல கை மாறிக்கிட்டு இருக்கும். ஓடாதீங்க, அண்ணி போய் எவ்வளவு நேரமாச்சு! சட்டிக்குள்ள பாத்தீங்க, சட்டிக்கு அடியில பாக்கல.

எழுதினவங்க பேரு இல்லன்னுதானே இவ்வளவு ஆர்ப்பாட்டம்? இதுல போட்டிருக்கேன். முதல்ல எந்தங்கச்சி பேரு, கீழ எம்பேரு. இருக்கறதுலயே பெரிய எழுத்தாப் பாத்துக் கோத்திருக்கேன், கண்ணாடி இல்லாமலே படிக்கலாம். வாங்க, போலாம்.