கைக்கு எட்டும் கம்பி

2023 ஜூன் மாதம், புதுக்கோட்டை நகரின் கிழக்கே, மின்சாரம் நிறுத்திப் பல வருடங்களான ஓர் உயரழுத்த மின்பாதையின் கீழ் விரைவுப் பேருந்துத் தடம் ஒன்று வரையப்பட்டது. வரைந்தவன் நான். பெயர் லக்ஷ்மணன்.

நல்ல தடம். கோபுரங்களுக்கு அடியில் நேராகக் காலி நிலம். யார் வீட்டையும் இடிக்க வேண்டியதில்லை. ஓரிடத்தில் மட்டும் கம்பி தொய்ந்து கைக்கு எட்டும் உயரத்தில் தொங்கியது. கோட்டைப்பட்டினத்திலிருந்து வந்து கருவாடு விற்ற ரம்லத் பீவியும் அவர் மருமகள் இர்ஃபானாவும் அந்தக் கம்பியில்தான் வாளைமீனைக் காயப்போட்டார்கள். பக்கத்தில் அவர்களுடைய தகரக் கொட்டகை. அதை இடித்து, அதற்காக யாராவது வழக்குப் போட்டால் தடமே நின்றுவிடும்.

போகச் சொன்னேன்.

"மீனு காயணும்ல தம்பி. வேற கம்பி காட்டுங்க, போயிர்றோம்" என்றார் ரம்லத் பீவி.

காட்ட என்னிடம் கம்பி இல்லை. ஆட்டோவில் மைக் கட்டி நானே அறிவித்தேன்: கம்பியில் மின்சாரம் விடப்படுகிறது, யாரும் தொட வேண்டாம். மின்சாரம் விடவில்லை. பயந்து போய்விடுவார்கள் என்று நினைத்தேன். அன்று மட்டும் மீனை எடுத்துவைத்தார்கள். அடுத்த வாரம் மறுபடி அறிவித்தேன், எடுக்கவில்லை. அதன் பிறகு ஆட்டோ சத்தம் கேட்டாலே சிரிப்புத்தான்.

"ஒங்க கரண்டு என்ன, எங்கூர்லேர்ந்து நடந்தா வருது? வரட்டும், டீ போட்டு வைக்கிறேன்" என்றாள் இர்ஃபானா.

ஆட்டோ ஓட்டிய கவியரசன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது.

ஓடாத மின்பாதையில் கம்பி திருடுபோகாமல் இருக்க மின்சாரம் ஏற்றி வைப்பது உண்டு. அதைச் செய்யும்படி மின்வாரியத்தைக் கேட்டுக்கொண்டேன். தொய்வு இருக்கிறதா என்று விசாரித்தார்கள். சரிசெய்தாயிற்று என்றேன். மின்சாரம் ஏற்றிய அன்று அதே ஆட்டோவில் போய் அதே வாசகத்தைச் சொன்னேன். இந்த முறை உண்மை என்பது கவியரசனுக்குத் தெரியாது.

இர்ஃபானா இடுப்பில் மீன்கூடையோடு வந்தாள். கம்பியில் ஒரு காக்கை உட்கார்ந்து நேற்றைய மீனைக் கொத்திக்கொண்டிருந்தது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. தரையைத் தொடாத காக்கைக்கு ஆகாது, எங்கள் பொறியியல் படிப்பில் முதலிலேயே சொல்லித்தருவார்கள்.

"டீ ஆறிப்போச்சு சார்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அவள் ஈர மீனோடு கையைத் தூக்கினாள்.

எச்சரித்தாயா என்று கேட்கிறீர்கள். எச்சரித்தேன். சட்டம் கேட்பதைவிட அதிகமாகவே எச்சரித்திருக்கிறேன். அந்த நேரத்திலும் மைக் என் கையில்தான் இருந்தது. இறங்கி ஓடியிருந்தால், கத்தியிருந்தால், அவள் நம்பியிருப்பாள். அதனால் குரலை மாற்றாமல் அதே வாசகத்தை இன்னொரு முறை சொன்னேன்.

அந்தச் சாவுக்குப் பிறகு தடத்தைப் புறவழிச்சாலைக்கு மாற்றிவிட்டார்கள். ரம்லத் பீவி ஊருக்குத் திரும்பிவிட்டார். நிலம் காலியாகத்தான் கிடக்கிறது.