இரண்டு டம்ளர் எலுமிச்சைச் சாறு

எலியின் வாலைக் கொஞ்சம் சூடுபடுத்தினால்தான் ரத்த அழுத்தம் சரியாகக் கிடைக்கும். சூட்டில் ரத்தக்குழாய் விரியும். பிறகு வாலில் அழுத்தம் அளக்கும் சின்னப் பட்டையை மாட்டலாம். பயந்த எலி பொய்க் கணக்கு காட்டும். அதனால் முதலில் அதை அசையாமல் அடைத்து வைக்கும் குழாய்க்குள் இருக்கப் பழக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் பல வருஷமாக எனக்கு இதுதான் வேலை.

தண்ணீரில் பழச்சர்க்கரை கலந்து கொடுத்த எலிகளுக்கு அழுத்தம் ஏறும். அந்தச் சர்க்கரை நேராக ஈரலுக்குப் போகிறது. ஈரல் அதைக் கொழுப்பாக்குகிறது, யூரிக் அமிலம் கூடுகிறது, குழாய்கள் இறுகுகின்றன. எவ்வளவு நேர்த்தி பாருங்கள். ஆனால் எங்கள் பேராசிரியர், "எலிக்கு வந்தா மனுஷனுக்கும் வரணும்னு இல்லம்மா," என்று சொல்லிவிட்டார். மனிதர்களை ஒப்பிடுவது கஷ்டம். ஆளுக்கொரு சாப்பாடு.

என் வீட்டில் அப்படியில்லை. அப்பாவும் பெரியப்பாவும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். இருவருக்கும் நாள் முழுக்க நாற்காலிதான். சமைப்பது, குளிப்பாட்டுவது, விரிப்பு மாற்றுவது எல்லாம் நான் ஒருத்தி. படுக்கும்போது என் கையை என்னாலேயே தூக்க முடியாது. சாயங்காலம் இருவருக்கும் எலுமிச்சைச் சாறு கொடுப்பேன். பெரியப்பாவுக்கு வெறுமனே. அப்பாவுக்குப் பழச்சர்க்கரை போட்டு.

பிறகு இருவர் கையிலும் பட்டையைச் சுற்றுவேன்.

"எலி டாக்டர் வந்தாச்சு. வாலை நீட்டட்டுமா?" என்பார் அப்பா. தினமும் அதே கிண்டல். என் கல்யாணம் நின்றுபோனதையும் வருகிறவர்களிடம் அதே குரலில்தான் சொல்லிச் சிரிப்பார். நான் பதில் பேச மாட்டேன். பேச வைத்தால் அளவு தப்பாகும்.

பெரியப்பாவுக்குத்தான் குறை. "உங்கப்பனுக்கு மட்டும் இனிப்பு, எனக்குப் புளிப்பா? நானும் உனக்கு ஒரு அப்பன்தானே."

அவருடைய அழுத்தம் அசையவில்லை. அப்பாவுக்கு ஏறியது, மெதுவாக, எலிகளுக்கு ஏறிய மாதிரியே. மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கலாம். நடுவில் மருந்து கொடுத்தால் அதுவரை பார்த்ததெல்லாம் வீண். போன வாரம் வாய் கோணிச் சாய்ந்தார். நிமிர்த்தி உட்கார வைத்து, பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

அவர் மேல் கோபமா என்று கேட்கிறீர்கள். இல்லை. யாருக்குச் சர்க்கரை என்பதை நான் முடிவு செய்யவே இல்லை, அது முறையாகாது. இருவர் பெயரையும் சீட்டில் எழுதி, குலுக்கித்தான் எடுத்தேன். முதலில் பெரியப்பா பெயர் வந்தது. சரியாகக் குலுக்கவில்லையோ என்று மறுபடி எடுத்தேன். மறுபடியும் அவர்தான். அப்பா பெயர் வந்தபோதுதான் குலுக்கல் சரியாக இருந்தது.