சபையில் ஒருவரும் சேதமில்லை

துப்பாக்கிக் குண்டு தெப்பத்துக்கு முன்னால் தண்ணீரில் விழுகிறது. பத்தடி தூரம். தெப்பத்தில் இருப்பவர்கள் ஒருவர்மேல் ஒருவர் குனிகிறார்கள். ஒரு குழந்தை வீறிடுகிறது.

"கிட்ட வராதே! அங்கேயே நில்லு!"

சுட்டவர் போலீஸ்காரர் இல்லை. கொள்ளைக்காரர் இல்லை. எங்கள் சபையின் மூப்பர், தேவசகாயம் ஐயா. எஸ்டேட்டின் பெரிய கிராணி. ஆபீஸ் கணக்கு முழுக்க அவர் கையில். துரை காட்டுப்பன்றி சுடும் துப்பாக்கியும் இப்போது அவர் கையில். அவர் நிற்பது ஆலயத்தின் வாசற்படி. மழை பெய்கிறது. செவ்வாய்க்கிழமை, பிற்பகல் ஒன்றேகால் மணி. அவருக்குப் பக்கத்தில் நான் நிற்கிறேன். என் கையில் சபைப் பதிவேடு.

இதை எழுதாமலே விட்டிருக்கலாம். ஆனாலும் எழுதுகிறேன்.

என் பெயர் சாமுவேல். அப்போது இருபத்தேழு வயது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து கப்பலேறி வந்தவன். தெலுக் ஆன்சனுக்கு மேலே, பேராக் ஆற்றங்கரையில் ஒரு ரப்பர் தோட்டம். அங்கே பகலில் பிள்ளைகளுக்கு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை சபைக்கு உபதேசியார். இது இருபத்தாறாம் வருஷம் டிசம்பரில் நடந்தது.

கிறிஸ்துமஸ் சனிக்கிழமை வந்தது. அதற்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை நான்தான் பிரசங்கம் செய்தேன். தேவனுடைய ராஜ்யத்தின் குடிகள் என்பது தலைப்பு. நாம் இந்த மண்ணில் வெறும் வழிப்போக்கர்கள் என்றேன். நம் ஊர் மேலே இருக்கிறது என்றேன். அங்கே கிராணி இல்லை, கூலி இல்லை என்றேன். முன் பெஞ்சில் கிராணிமார் குடும்பங்கள். பின்னால், தரையில் விரித்த பாயில், பால் மரம் வெட்டும் சபையார், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் இறக்குகிறவர்கள். அந்த ஏற்பாட்டைப் பார்த்துக்கொண்டே அந்தப் பிரசங்கத்தைச் செய்தேன். நாக்கு கூசவில்லை. தேவசகாயம் ஐயா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முடிந்ததும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குத் தப்பு மேளச் சத்தம். விட்டு விட்டு இல்லை. ஓயாமல். பிறகு ஒரு குரல்.

"ஆறு உள்ள வந்துருச்சு! ஓடுங்க! ஓடுங்க!"

கதவைத் திறக்கிறேன். தண்ணீர் முழங்காலுக்கு வருகிறது. செம்மண் நிறம். கோழிக்கூண்டு ஒன்று மிதந்து போகிறது. கோழிகள் உள்ளே கத்துகின்றன. நான் பதிவேட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். வேறெதையும் எடுக்கத் தோன்றவில்லை.

தோட்டத்தில் மேடு ஒன்றுதான். அதில்தான் ஆலயம். சபையார் அங்கே ஏறினோம். கூலிக் குடியிருப்பு லயங்களில் இருந்த மற்றவர்களில் பலர் முந்தின நாளே தெலுக் ஆன்சன் சாலைக்கு நடந்துவிட்டார்கள். மிஞ்சியவர்களுக்கு மேட்டுக்கு வர வழியில்லை. நடுவில் வெள்ளம் இழுத்தது. பக்கத்தில் இருந்த புகைக்கூடத்தில் ஏறிக்கொண்டார்கள். ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுப் புகை போடும் கட்டடம் அது. கீழே செங்கல், மேலே பலகை, தகரக் கூரை. துரை விடுமுறைக்கு ஈப்போ போயிருந்தார். அதனால் தோட்டத்துக்குத் தேவசகாயம் ஐயாவே துரை.

ஆலயத்தில் நாற்பத்து மூன்று பேர். நூற்றிருபது பேர் தாராளமாக உட்காரும் கட்டடம். அரிசி மூட்டை இரண்டு இருந்தது. கிறிஸ்துமஸ் பலகாரம் நான்கு டின் இருந்தது. பாதிக் கோயில் காலியாக இருந்தது. இதை யாரும் மறுக்க முடியாது. நான் எண்ணினேன்.

செவ்வாய்க்கிழமை பிற்பகலில் அந்தத் தெப்பம் வந்தது.

அதைக் கட்டியவர் கருப்பையா. பால் மரம் வெட்டுகிறவர். சாமி கும்பிடுகிறவர், எங்கள் சபை இல்லை. புகைக்கூடத்தின் கதவுகளைக் கழற்றி, ஷீட் காயப்போடும் மூங்கில்களை அடியில் கொடுத்து, மண்ணெண்ணெய் டின்களைக் கட்டியிருந்தார். அவரையும் சேர்த்துப் பதினோரு பேர். பாதிப் பேர் பிள்ளைகள்.

வெடிக்குப் பிறகும் அவர் நிற்கவில்லை. மூங்கிலை ஊன்றிப் படி வரைக்கும் வந்துவிட்டார்.

"ஐயா, கட்டடம் ஆடுதுங்க! இன்னும் பன்னெண்டு பேரு உள்ள இருக்காங்க! இவங்கள இறக்கிட்டுப் போயி அவங்களையும் கொண்டாரணும்!"

தேவசகாயம் ஐயா துப்பாக்கியைத் தாழ்த்தவில்லை.

"ரெண்டு மூட்டை அரிசிதான் இருக்கு. சபை ஜனத்துக்கே காணாது. சபையில உள்ளவன் மட்டும் இறங்கட்டும். வாத்தியார், பேரைப் பாரும்!"

நான் பார்த்தேன். இதுதான் நான் செய்தது. மழையில் குனிந்து, ஏடு நனையாமல் சட்டைக்குள் வைத்து, பக்கம் புரட்டினேன். அதற்குள் உள்ளே யாரோ கீர்த்தனை ஆரம்பித்துவிட்டார்கள். சத்தமாக. வெளியே நடப்பது காதில் விழக்கூடாது என்கிற சத்தம். ஆர்மோனியமும் சேர்ந்துகொண்டது.

தெப்பத்தில் இருந்தவர்களில் பதிவேட்டில் பெயர் உள்ளவர் ஒரே ஒருவர். யாக்கோபு. புல் வெட்டுகிறவர், நாற்பது வயது, ஒண்டிக்கட்டை. பெரிய குடிகாரர். சம்பள நாளில் கள்ளுக்கடை வாசலில் விழுந்து கிடப்பார். ஆலயத்துக்கு வந்தாலும் கடைசிப் பாயில் தூங்குவார். இரண்டு முறை நானே எல்லார் முன்னிலையிலும் அவரைக் கண்டித்திருக்கிறேன்.

இன்னொரு பெயரும் இருந்தது. சிவப்பு மையில் அடித்த பெயர். எஸ்தர். பிறந்தபோதே ஞானஸ்நானம் பெற்றவர். புருஷன் அவரை விட்டுவிட்டுச் சயாம் பக்கம் போய்விட்டான். காய்ச்சலில் கிடந்தவரைத் தூக்கிப்போய்க் கஞ்சி ஊற்றியவர் கருப்பையா. பிறகு எஸ்தர் அவரோடேயே இருந்துவிட்டார். ஒரு பெண் குழந்தை பிறந்தது. தேவசகாயம் ஐயா சபைக்குப் புறம்பாக்கச் சொன்னார். நான் கோடு போட்டேன். அளவுகோல் வைத்து நேராகப் போட்டேன்.

"யாக்கோபு! நீ மட்டும் ஏறு!"

யாக்கோபு எழுந்தார். ஒரு காலைப் படியில் வைத்தார். அன்றைக்கு அவர் குடித்திருக்கவில்லை. திரும்பிப் பார்த்தார்.

"இவங்க, ஐயா?"

"உன்ன மட்டுந்தான் சொன்னேன்."

யாக்கோபு காலை எடுத்துக்கொண்டார்.

"அப்ப எனக்கும் வேணாங்க. நான் இவங்களோடயே போறேன்."

அவ்வளவுதான் பேசினார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. உட்கார்ந்து, பக்கத்தில் நடுங்கிக்கொண்டிருந்த ஒரு பையனைத் தான் மழைக்குப் போர்த்தியிருந்த சாக்குக்குள் இழுத்துக்கொண்டார்.

எஸ்தர் குழந்தையை நீட்டினார். என்னைப் பார்த்துத்தான் நீட்டினார்.

"வாத்தியாரே, புள்ளைய மட்டும் புடிங்க. ஒரு மூலையில கெடக்கும். பால்கூட கேக்காது."

கை நீட்டினால் எட்டும். குழந்தை என் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தது. என் இரண்டு கையிலும் பதிவேடு. அதைக் கீழே போட்டிருக்கலாம். தண்ணீரில் போட்டிருக்கலாம். நான் தேவசகாயம் ஐயாவின் முகத்தைப் பார்த்தேன்.

"ஒண்ண எடுத்தா எல்லாரும் ஏறுவான்" என்றார். துப்பாக்கியைக் கருப்பையாவின் நெஞ்சுக்கு நேராகத் திருப்பினார்.

நான் வாங்கவில்லை.

கருப்பையா தண்ணீரில் காறித் துப்பினார். மூங்கிலை ஊன்றித் தெப்பத்தைத் தள்ளினார். உள்ளே கீர்த்தனை மூன்றாவது சரணத்துக்கு வந்திருந்தது.

வேறு மேடு அங்கே இல்லை. மலாய்க்காரர்களின் ஊரான கம்பம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஒரு மைல் தள்ளி. நடு வெள்ளத்தில் பதினோரு பேரோடு அந்தத் தெப்பம் போகாது. அவர்களை மறுபடி புகைக்கூடத்திலேயே ஏற்றிவிட்டு, கருப்பையா மட்டும் கம்பத்துக்குப் போனார். படகு கேட்க. நாங்கள் ஜன்னலில் நின்று பார்த்தோம். அவர் தலை தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

மூன்று நாற்பதுக்கு அது நடந்தது. கோயில் கடிகாரத்தில் பார்த்தேன். முதலில் ஆணி பிடுங்குகிற சத்தம். ஒன்று. இன்னொன்று. பிறகு ஒரு கை நிறைய ஆணி. பிறகு தகரம் கிழிகிற நீண்ட சத்தம். ஆட்களின் சத்தம் கொஞ்சம்தான். கூரை சாய்ந்து, சுற்றி, எங்கள் மேட்டுக்கு முன்னால் கடந்து போனது. மேலே யாரும் இல்லை. பின்னாலேயே ரப்பர் ஷீட்டுகள் வந்தன. பழுப்பு நிறம். நூற்றுக்கணக்கில். புகை வாடை ஆலயத்துக்குள் வந்தது.

"ஜெபிப்போம்" என்றார் தேவசகாயம் ஐயா.

எல்லாரும் முழங்கால் போட்டார்கள். நானும் போட்டேன். ராஜ்யத்தின் குடிகளைக் காத்தீரே என்று அவர் தொடங்கினார். நான் வெளியே ஓடி வாசற்படியில் வாந்தி எடுத்தேன். திரும்பி வந்து மறுபடி முழங்கால் போட்டேன். இதையும் எழுத வேண்டும். திரும்பி வந்தேன்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்குச் சம்பான் வருகிறது. நரைத்த தாடி வைத்த ஒரு மலாய்க்காரர் துடுப்புப் போடுகிறார். முன்னால் கருப்பையா. புகைக்கூடம் இருந்த இடத்தில் தண்ணீர் மட்டும் ஓடுகிறது. கருப்பையா எழுந்து நின்று பார்க்கிறார். உட்காருகிறார். சம்பானின் விளிம்பைப் பிடித்துக்கொள்கிறார். அந்தக் கையை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். முகத்தைப் பார்க்கவில்லை.

மலாய்க்காரர் சம்பானை எங்கள் படியில் சேர்த்தார்.

"நைக்! லெகாஸ்! நைக்!"

ஏறுங்கள், சீக்கிரம் என்றார். யார் எவர் என்று கேட்கவில்லை. முதலில் சம்பானில் ஏறியது தேவசகாயம் ஐயாவின் தகரப் பெட்டி. மலாய்க்காரர் அதைத் தூக்கிச் சேற்றில் வைத்தார். பெட்டி இருந்த இடத்தில் இரண்டு பிள்ளைகளை உட்கார வைத்தார். ஏழு நடையில் எங்கள் நாற்பத்து மூன்று பேரையும் கரை சேர்த்தார். அவர் பெயரை நாங்கள் கேட்கவில்லை.

ஜனவரியில் தண்ணீர் வடிந்தது. ஸ்தோத்திர ஆராதனை வைத்தார்கள். நோட்டீஸ் அச்சடித்தார்கள். பெருவெள்ளத்தில் நம் சபையில் ஒருவரும் சேதமில்லை, கர்த்தருக்கே மகிமை என்று மேலே தடித்த எழுத்து. கீழே சேத விவரம். ஆர்மோனியம் ஒன்று. பாய்கள் பத்து. கீர்த்தனைப் புத்தகங்கள் ஆறு. ஆர்மோனியத்தை உலர்த்தப் பட்ட பாடும் இரண்டு வரியில் இருந்தது.

அச்சுக்குப் போகும் முன்பு தேவசகாயம் ஐயா என் அறைக்கு வந்தார்.

"யாக்கோபு பேரு இன்னும் ஏட்டுல இருக்குல்ல?"

"இருக்குங்க."

"குடியினால நவம்பர்லயே நீக்கினதா எழுதிரும். அவன் எப்படியும் அந்த மாதிரி ஆளுதானே."

எழுதினேன். சிவப்பு மை. அளவுகோல். என் கையெழுத்து அழகாக இருக்கும், எல்லாரும் சொல்வார்கள்.

ஆராதனையில் அந்த நோட்டீஸை நானே வாசித்தேன். ஆமென் என்றார்கள். அந்த ஆமெனின் சத்தம் துப்பாக்கிச் சத்தத்தைவிட மோசம். மார்ச் மாதம் தோட்டத்தை விட்டேன். உடனே விட்டேன் என்று சொல்ல ஆசை. இரண்டு மாதம் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு இருந்தேன்.

இப்போது ஈப்போவில், புந்தோங்கில் ஒரு மாட்டுத் தொழுவத்தில் வேலை. சாணி அள்ளுகிறேன். சபைக்குப் போவதில்லை. தேவனுடைய ராஜ்யம் பொய் என்று நான் சொல்லவில்லை. அதன் குடி ஒருவரைப் பார்த்திருக்கிறேன். புல் வெட்டுகிறவர். படியில் வைத்த காலைத் திரும்ப எடுத்துக்கொண்டார். நான் ராஜ்யத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினவன். எனக்கு அதன் வாசல் எது என்றுகூடத் தெரிந்திருக்கவில்லை. வாசலை அடைத்துக்கொண்டு நின்றேன்.

போன மாதம் ஈப்போ ரயில் பாதையில் கருப்பையாவைப் பார்த்தேன். சரளைக்கல் கொட்டும் கூட்டத்தில் இருந்தார். நான் பெயர் சொல்லத் தேவையிருக்கவில்லை. செத்தவர்களின் பெயர்களை எழுதப் போகிறேன் என்றேன். அவர் கூடையைக் கீழே வைத்தார்.

"எழுதுங்க. ஒங்களுக்கு எழுதத்தானே தெரியும்."

மன்னிப்பு என்ற சொல் என் வாயில் வந்தது. அவர் கையைக் காட்டி நிறுத்தினார். பிறகு ஒவ்வொரு பெயராகச் சொன்னார். நிற்காமல். இரண்டு வருஷமாகத் தினம் சொல்லிப் பார்த்திருக்கிறார் போல. முடித்ததும் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்.

கட்டடத்தோடு போனவர்கள் இருபத்திரண்டு பேர். மரத்தில் தொற்றிப் பிழைத்தவர்கள் மூவர். மற்றவர்கள்:

முனியாண்டி. அவர் மனைவி பேச்சி. அவர்கள் பிள்ளைகள் நால்வர்.

வீராயி. அவள் தங்கை செல்லாயி.

ராமசாமி, அவர் தாய், மனைவி, இரண்டு மகன்கள். சின்னவன் யாக்கோபின் சாக்குக்குள் இருந்தவன்.

ஒரு மாதத்துக்கு முன் கப்பலில் வந்த மூன்று ஆட்கள். அவர்கள் பெயர் கருப்பையாவுக்கும் தெரியவில்லை.

யாக்கோபு.

எஸ்தர், இருபத்திரண்டு வயது.

ராஜாத்தி, எட்டு மாதம்.

கிடைத்த உடல்கள் பதினொன்று. கிடைக்காதவை எட்டு.

பத்தொன்பது பேர். அதில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் இரண்டு பேர். இரண்டு பேரையும் அடித்தது என் பேனா.